மாசி வாசமும் மில்லுக்காரியின் பேரும்

மில்லில் வேலைக்குச் சேர்ந்தவளுக்கு முதலில் கிடைப்பது தும்மல். பேர் அதற்குப் பிறகுதான் கிடைக்கும், அதுவும் எந்தப் பேர் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.

நான் கெலிஓயாவில் ஒரு அரைக்கிற மில்லில் வேலை செய்கிறேன். அரிசி, மிளகாய், மல்லி, மஞ்சள், எது கொண்டு வந்தாலும் மாவாக்கித் தூளாக்கிக் கொடுக்கிற வேலை. மில்லுக்குச் சொந்தக்காரர் அக்குறணையில் கடை வைத்திருக்கிற ஒரு ஹாஜியார். எப்போதாவது வந்து எட்டிப் பார்ப்பார். மற்ற நாளெல்லாம் மெஷினும் நானும்தான். பிள்ளைகள் வளர்ந்து அவரவர் பாட்டைப் பார்க்கிறார்கள். மகள் கொழும்பில், மகன் கண்டி டவுனில் ஒரு போன் கடையில். வீட்டுக்காரருக்குக் கால் முடியாமல் போன பிறகு எங்கள் வீட்டு அடுப்பு இந்த மில்லை நம்பித்தான் எரிகிறது. நான் பெரிதாகப் படித்தவள் இல்லை. காலையில் சுவிட்சைப் போடுவதற்கு முன் மெஷின் மேல் கையை வைத்து, "ஆண்டவரே, இன்றைக்கு யாருடைய சாமானும் என் கையால் கெட்டுப் போகக் கூடாது" என்று ஒரு சின்ன ஜெபம் செய்வேன். எனக்குத் தெரிந்த தொழில் நுட்பம் அவ்வளவுதான்.

நீங்கள் தையல் கடையில் இருந்தாலும் சரி, பஸ்ஸில் டிக்கெட் கொடுத்தாலும் சரி, நாலு பேரோடு பழகுகிற வேலையென்றால் இதெல்லாம் உங்களுக்கும் நடந்திருக்கும். வாசித்துவிட்டு ஒரு பெருமூச்சு விடுங்கள், எனக்குக் கேட்கும்.

கண்ணெரிச்சலோடு காவல்

மில்லுக்கு வருகிறவர்கள் சாமானைக் கொடுத்துவிட்டு அந்தப் பக்கம் போக மாட்டார்கள். மெஷினுக்குப் பக்கத்திலேயே நிற்பார்கள். தங்கள் நல்ல மிளகாயை எடுத்துக்கொண்டு வேறு மிளகாயைப் போட்டுவிடுவேனோ, ஒரு பிடியை ஒதுக்கிவிடுவேனோ என்று சந்தேகம். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஏதாவது ஒரு மில்லில் ஏதாவது ஒரு நாள் ஏமாந்திருப்பார்கள்.

சோமா அக்கா என்று ஒரு சிங்கள அம்மா. நான் சேர்ந்த புதிதில் மிளகாயைக் கொண்டு வந்து, மெஷின் வாயில் தலையை விடாத குறையாக நிற்பார். கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் கொட்டும். "வெளியில நில்லுங்க அக்கா" என்றால், "எப்பா, எப்பா" என்று சிங்களத்தில் வேண்டாமென்று கையை ஆட்டிவிட்டு இன்னும் கிட்ட வருவார். நான் ஒரு துணியை நனைத்துக் கையில் கொடுத்துவிட்டு என் வேலையைப் பார்ப்பேன். அரைத்து முடிந்ததும், தூள் வந்து விழுகிற துணிக்குழாயைத் தட்டித் தட்டி, உள்ளே ஒட்டியிருப்பதையும் சின்னத் தூரிகையால் கூட்டி அவருடைய பையிலேயே போட்டுவிடுவேன். யார் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் அப்படித்தான் செய்வது. அதை அவர் ஈரத் துணிக்கு மேலால் பார்த்துக்கொண்டே இருப்பார்.

இப்படியே கொஞ்ச காலம் போனது. ஒரு நாள் வந்தார், பையை மேசையில் வைத்தார், குடையை எடுத்துக்கொண்டு திரும்பி நடந்தார். "எங்க அக்கா போறீங்க?" என்றேன். வாசலில் நின்று சொன்னார்: "நான் மரக்கறி வாங்க போறது. நீ அரைச்சு வை. இங்க நின்னு பாத்தா எனக்கு கண்ணுதான் எரியறது, வேற ஒண்ணும் காணல."

வெள்ளை மெஷினுக்கும் விரதம் உண்டு

எங்கள் மில்லில் இரண்டு மெஷின். ஒன்று அரிசிக்கு, அதை வெள்ளை மெஷின் என்போம். மற்றது மிளகாய், மல்லி, மாசி எல்லாவற்றுக்கும். மாசி என்றால், சம்பலுக்குப் போடுகிற, விறகுக் கட்டை மாதிரி இருக்கிற அந்தக் கருவாடு. அதன் தூள் பட்ட இடத்தில் வாசம் லேசில் போகாது. ஆகவே அம்மன் கோயில் திருவிழாவுக்கு மாவிளக்குக்கு அரிசி வருகிற நாட்களில் நான் மாசியைக் கையிலேயே வாங்க மாட்டேன். "மற்ற மெஷின்லதானே அரைக்கிறீங்க" என்று கேட்பார்கள். கை ஒன்றுதானே! அந்த நாட்களில் கழுவிக் காய்ந்த வேறு துணிக்குழாயைக் கட்டி, என் சொந்தக் குறுணல் அரிசியை ஒரு பிடி போட்டு ஓட்டி, வெள்ளை மெஷினைத் துடைத்த பிறகுதான் நேர்த்திக்கடன் அரிசி உள்ளே போகும். அந்தக் குறுணல் மாவு எங்கள் வீட்டுக் கோழிக்கு. கோழிகளுக்கு அதுதான் திருவிழா.

இது எங்கள் சபையில் ரோஸ் அக்காவுக்குப் பிடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து செருப்பு மாட்டும்போது பிடித்துக்கொண்டார். "அவங்க சாமிக்குப் போற மாவுக்கு நீ ஏன்டி இவ்வளவு பாத்துப் பாத்துச் செய்ற?" என்றார். "கொண்டு வர்றவங்க என்னை நம்பித்தானே கொண்டு வர்றாங்க, அக்கா. அந்த நம்பிக்கைக்கு நான் ஆண்டவர்கிட்டதான் கணக்குக் குடுக்கணும்" என்றேன். அவர் வேதப்புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். பெரிய வசனம் ஏதோ வரப்போகிறது என்று தலையைக் குனிந்தேன். "அப்போ கிறிஸ்மஸ் அதிரசத்துக்கு நான் அரிசி கொண்டு வர்றப்பவும் இதே மாதிரி துடைச்சுட்டுத்தான் அரைக்கணும், சொல்லிட்டேன்!"

கமலாம்மாவின் மூக்கு

கமலாம்மா எங்கள் பக்கத்து அம்மன் கோயில் பெண்களுக்கெல்லாம் தலைவி மாதிரி. அவர் தலையாட்டினால் இருபது வீட்டுப் பெண்கள் தலையாட்டுவார்கள். அவருடைய மகன் த்ரீவீல் கவிழ்ந்து பிழைத்தெழுந்ததற்கு, திருவிழாவுக்கு முன்னாலேயே ஒரு வெள்ளிக்கிழமை மாவிளக்குப் போடுவதாக நேர்ந்திருந்தார். மருமகள் நிரோஷா அரிசி கொண்டு வந்தாள். புசல்லாவையில் இருந்து கல்யாணம் முடித்து வந்த பிள்ளை, புதிது. நான் வழக்கம்போல எல்லாம் செய்து அரைத்து, அவள் கொண்டு வந்த துணிப் பையிலேயே போட்டுக் கொடுத்தேன்.

மறுநாள் காலை, மில்லில் ஆட்கள் நிறைந்திருந்த நேரம், கமலாம்மா வந்தார். பின்னால் நிரோஷா. பையைத் திறந்து என் மூக்குக்கு நேரே பிடித்து, "மோந்து பாருங்க" என்றார். முகர்ந்தேன். மாசியேதான். பையை வாங்கி அடியைத் தடவினேன். தையல் மடிப்பில் ஏதோ குத்தியது. விரித்துப் பார்த்தேன், கறுப்பாக ஒரு மாசிச் சிராய். மாசி வாங்கி வந்த பையில் விரத அரிசியைப் போட்டிருக்கிறார்கள்! நிமிர்ந்தேன். நிரோஷா தலையைக் குனிந்து துப்பட்டா நுனியைப் பிரித்துக்கொண்டு நின்றாள். எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. "பையைப் பாருங்கம்மா" என்று நாக்கு நுனிவரை வந்தது. அத்தனை பெண்களுக்கு முன்னால் அதைச் சொன்னால், 'வந்த மருமகள் நேர்த்திக்கடனைக் கெடுத்தாள்' என்கிற பேர் அந்தப் பிள்ளைக்கு ஆயுசுக்கும் ஒட்டிக்கொள்ளும். எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள், வேற்று வீட்டில். பையை மூடிக் கொடுத்துவிட்டேன்.

"மெஷின்ல மாசி போகலம்மா, அது ஆண்டவருக்குத் தெரியும்" என்றேன். "ஆனா நேர்த்தி மாவு இப்படியானது எனக்கும் வருத்தம். வேற அரிசி குடுங்க, நான் சும்மாவே அரைச்சுத் தாறேன்." கமலாம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். "எங்க வீட்டுல அரிசிக்குப் பஞ்சமில்ல, வேதக்காரம்மா. ஒங்க மேல வச்சிருந்த நம்பிக்கைக்குத்தான் இப்ப பஞ்சம்."

போர்டில் எழுத முடியாதது

அந்த ஒரு பேச்சு போதுமாக இருந்தது. கிறிஸ்தவள் என்பதால் ஊரில் எனக்கு வேதக்காரி என்றுதான் பேர். 'வேதக்காரி மில்லில் மாசியும் மாவும் ஒண்ணா அரைக்கிறாங்களாம்.' பெண்கள் அரிசிப் பையோடு எங்கள் வாசலைக் கடந்து, கம்பளைப் பக்கம் போகிற பஸ்ஸில் ஏறி அங்கே இருக்கிற மில்லுக்குப் போனார்கள். என்னைப் பார்த்தால் பாவம் போலச் சிரிப்பார்கள். திட்டினால்கூடத் தாங்கலாம், அந்தச் சிரிப்பைத் தாங்க முடியாது. சில நாள் வெள்ளை மெஷினில் என் குறுணலைத் தவிர வேறு எதுவும் ஓடவில்லை.

ஹாஜியார் காதுக்கு எப்படியோ எட்டிவிட்டது. வந்தார். கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "என்னமோ மாசிக் கத ஒண்டு ஓடுதாமே, அக்கா. நம்மட மெஷின்ல போனதா?"

"இல்ல முதலாளி."

"அப்ப அந்த வாசம் எங்கால வந்த?"

"அது எனக்குத் தெரியும். ஆனா சொல்ல மாட்டேன். சொன்னா ஒரு பிள்ளை கஷ்டப்படும்."

அவர் தொப்பியைக் கழற்றி மண்டையைத் தடவிவிட்டுத் திரும்பப் போட்டுக்கொண்டார். கோபிக்கவில்லை. ஆனால் கணக்காகச் சொல்லிவிட்டார்: திருவிழா வாரத்திலும் அரிசி வராவிட்டால் மில்லை மூடிவிட்டு, இடத்தைக் கடைச் சாமான் போடுகிற ஸ்டோராக ஆக்கப்போகிறாராம். எழும்பிப் போகும்போது வாசலில் நின்றார். "நீங்க பொய் சொல்றல்ல எண்டு உங்கட மொகத்தப் பாத்தா வெளங்குது அக்கா. ஆனா மொகத்த போர்டுல எழுதித் தொங்கவுட ஏலாதே."

ஜெபமும் கெமராவும்

அந்த நாட்களில் நான் செய்த ஜெபத்தை வெளியே சொல்ல வெட்கம். "உமக்குத் தெரிந்தால் எனக்குப் போதும், ஆண்டவரே" என்று தொடங்குவேன். ஆமென் சொல்வதற்குள் மனம், "கமலாம்மாவுக்கும் கொஞ்சம் தெரிந்தால் நல்லாயிருக்கும்" என்று சேர்த்துவிடும். பிறகு நிரோஷாவுக்காக ஜெபிப்பேன், அந்தப் பிள்ளைக்கு மாமியார் வீட்டில் ஒரு குறையும் வரக் கூடாது என்று. வேலை போய்விட்டால் வீட்டுக்காரருடைய மருந்துக்கு என்ன செய்வது என்று யோசனை வரும். அப்போது ஜெபம் நின்றுவிடும்.

மகனிடமும் பெயரைச் சொல்லவில்லை. போனில் கத்தினான். "யாருன்னு தெரிஞ்சும் வாய மூடிட்டு இருக்கீங்களாம்மா? ஒங்க பேர்தான் நாறுது!" என்றான். பிறகு இறங்கிவந்தான். "சரிம்மா, நீங்க ஜெபம் பண்ணுங்க. நான் பக்கத்துல ஒரு கெமராவும் பூட்டுறேன். ரெண்டும் சேந்து வேலை செய்யட்டும்."

வரிசை இல்லாத சந்தோஷம்

எல்லாரும் போன பிறகும் வந்துகொண்டிருந்தவர் சோமா அக்காதான். அன்றைக்கு மிளகாய்ப் பையோடு அரிசிப் பையையும் கொண்டு வந்து வைத்தார். "கதை ஒண்ணும் கேள்விப்படலையா அக்கா? எல்லாரும் அந்த மில்லுக்குத்தான் போறாங்க" என்றேன். அவர் வெறிச்சோடிய மில்லை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கேட்டது, கேட்டது. அவங்க அங்க போறது ரொம்ப நல்லம். எனக்கு இங்க லைன் இல்ல."

அடுத்த மில்லில் நடந்தது

திருவிழாவுக்கு முந்திய கிழமை, மழை பெய்கிற ஒரு காலை. நான் கதவைத் திறந்துகொண்டிருக்கிறேன், நிரோஷா குடையும் பிடிக்காமல் தெருவைக் கடந்து ஓடி வருகிறாள். விஷயம் வெளியில் வந்து, பிள்ளையை வீட்டை விட்டு அனுப்பிவிட்டார்கள் என்றே நினைத்தேன். கிட்ட வந்த பிறகு பார்த்தால், சிரிப்பை அடக்க முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டிருக்கிறாள்.

"ஆன்ட்டி, நேத்து அத்தையும் நானும் அந்த மில்லுக்குப் போனோம். அதே பையிலதான் அத்தை அரிசி போட்டாங்க. நல்ல கெட்டித் துணி, அலசிக் காயப்போட்டாச்சு, ஒண்ணும் செய்யாதுன்னுட்டாங்க. அரைச்சு வாங்கி மோந்து பாத்தா, மறுபடியும் மாசி! அத்தைக்கு வந்துச்சு பாருங்க ஒரு கோவம். 'இங்கயும் அதே வேலையா'ன்னு கத்துனாங்க. அந்த மில்லுக்காரரு ஒங்கள மாதிரியா, பெரிய மீசை, அதவிடப் பெரிய வாய். மாவைத் தட்டுல கொட்டிட்டு, பைய உள் பக்கம் வெளியில வர்ற மாதிரி திருப்பி எல்லாருக்கும் முன்னால ஒதறுனாரு. டொக்குனு விழுந்துச்சு ஒரு மாசித் துண்டு. 'யம்மா, மாசியப் பைக்குள்ள வச்சிக்கிட்டு ஊர்ல இருக்கிற மில்லையெல்லாம் மோந்துக்கிட்டுத் திரியறீங்களா'ன்னு கேட்டாரே பாருங்க!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "ஒன்னையத் திட்டுனாங்களா, பிள்ளை?" என்றேன். "என்னைய எதுக்குத் திட்டணும்?" என்றாள். பை மாமியாருடையதாம். குவைத்தில் இருக்கிற மகளுக்குப் பார்சல் போட மாசி வாங்கி வந்ததும் அவர்தானாம். அந்தப் பையிலேயே தன் கையால் விரத அரிசியைப் போட்டு, இவளிடம் கொடுத்து அனுப்பியதும் அவரேதானாம். நான் அப்படியே மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன். இத்தனை நாள் யாரைக் காப்பாற்றுவதாக நினைத்து வாயை மூடிக்கொண்டிருந்தேன்! "ஒனக்கு அன்னைக்கே தெரியுமா? ஏன் சொல்லல?" என்று கேட்டேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "அன்னைக்கு நான் வாயத் தொறந்திருந்தா, ஆன்ட்டி, அடுத்த புசல்லாவ பஸ்ஸுல எனக்கு ஒரு சீட்டு இருந்திருக்கும்."

தலைவி வந்த காலை

திருவிழா வாரத்தின் முதல் நாள். மூடுவதா வேண்டாமா என்று பார்க்க ஹாஜியார் விடியவே வந்து கதிரையில் உட்கார்ந்திருந்தார். நான் துணிக்குழாயை மாற்றிக் கட்டிவிட்டு, செய்வதற்கு வேறு வேலை இல்லாமல் துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தேன். தெருவில் பெண்கள் கூட்டமாக வருகிற சத்தம். பஸ் நிறுத்தத்துக்குத்தான் போகிறார்கள் என்று நிமிரவே இல்லை. வாசலில் நிழல் விழுந்தது. முன்னால் கமலாம்மா. கையில் புத்தம் புதிய வெள்ளைத் துணியில் கட்டிய அரிசி. பின்னால் நிரோஷா, அவளுக்குப் பின்னால் அத்தனை பெண்களும், ஆளுக்கொரு பையோடு.

கமலாம்மா மன்னிப்பு என்ற சொல்லைச் சொல்லவில்லை. அதைச் சொல்கிற ஆளும் இல்லை அவர். அரிசியை மேசையில் வைத்தார். நான் வழக்கம்போலக் குறுணலை எடுக்கப் போனேன். கையைப் பிடித்து நிறுத்தினார். "தொடைக்கவெல்லாம் வேணாம். நேரா எங்க அரிசியப் போடுங்க" என்றார், பின்னால் நிற்கிறவர்களுக்கும் கேட்கிற மாதிரி. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மிளகாய் மெஷின் அப்போது ஓடவும் இல்லை, அதன் மேல் பழியைப் போட வழியில்லை. ஹாஜியார் மெதுவாக எழும்பி, தன் கதிரையைக் கமலாம்மா பக்கம் தள்ளிவிட்டு, "நான் போய் ஸ்டோருக்கு வேற எடம் பாக்குறேன், அக்கா" என்று இறங்கிப் போனார். எத்தனையோ நாளாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஒரு மூட்டையை யாரோ தூக்கி இறக்கி வைத்த மாதிரி இருந்தது. சுவிட்சைப் போட்டேன். வெள்ளை மெஷின் பாடத் தொடங்கியது.

மாவு விழுந்துகொண்டிருக்கும்போது கமலாம்மா என் பக்கம் சாய்ந்து, "அன்னைக்குப் பைய தடவிப் பாத்தீங்கதானே? அப்பவே தெரியுமா?" என்று கேட்டார். "தெரியும்மா" என்றேன். "பின்ன ஏன் சொல்லல?" என்றார். எனக்குப் பொய் வராது. "ஒங்க மருமகதான் தெரியாமச் செஞ்சிட்டான்னு நினைச்சேன்மா. பிள்ளை பாவம்னு விட்டுட்டேன்" என்றேன். நிரோஷா மூட்டைக்குப் பின்னால் குனிந்துவிட்டாள். பெண்களெல்லாம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கமலாம்மா என்னைப் பார்த்தார், மருமகளைப் பார்த்தார், பிறகு தலையில் கையை வைத்துக்கொண்டு, மெஷின் சத்தத்தையும் மீறிச் சிரித்தார். "வாய மூடி என் மருமகளக் காப்பாத்துறேன்னு, என்னைய பஸ் ஏத்தி விட்டு அடுத்த ஊர்ல போய் மானங்கெட வச்சிட்டீங்களே, வேதக்காரம்மா!"

நல்ல பேர் வேண்டுமென்று நான் முழங்காலில் நின்று கேட்டதை, ஆண்டவர் ஒரு மீசைக்காரருடைய கோபத்தைக் கொண்டு கொடுத்தார் என்பதைச் சபையில் சாட்சியாக எழும்பிச் சொல்ல மட்டும் எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.